கடைசிப் பக்கத்து எண்

“அம்மா, யாருமே இல்லாத வீட்டுல போன் அடிச்சா, அது யாருக்குக் கேக்கும்?”

அவள் மகள் சின்ன வயதில் கேட்ட கேள்வி இது. அப்போது அவள் முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்குக் கேட்கும், போய் வீட்டுப்பாடம் எழுது என்று விரட்டிப் பார்த்தாள். குழந்தை நகரவில்லை. சுவருக்குக் கேட்டு என்ன பிரயோஜனம், சுவர் எழுந்து போய் எடுக்குமா என்றது. பிறகு தானே கொஞ்ச நேரம் யோசித்து, “பாவம், கூப்பிட்டவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது.

மகள் இப்போது கட்டிக்கொடுத்த இடத்தில் தன் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்டது அவளுக்கு நினைவில்லை. அம்மாவுக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவே இல்லை. பிற்பாடு அவள் வேலை செய்கிற விதமே அதிலிருந்துதான் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அந்த உறுப்பினர் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் கால்நடை மருத்துவர். வாயில்லா ஜீவன்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதாலோ என்னவோ, வாயுள்ள ஜீவன்கள் வந்து மேசையைத் தட்டிக் கத்தினாலும் அசரமாட்டார். ஊருக்குள் அவர் பெயர் மாட்டு டாக்டர். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைக் கிண்டலாகச் சொன்னால், ஆமாம், உதை வாங்கிப் பழகினவள்தான் நான் என்று மேடையிலேயே சொல்லிச் சிரித்து அவர்கள் வாயை அடைத்துவிடுவார். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அவர் வெறும் டாக்டர்.

மாதம் ஒருமுறை டாக்டரின் பெயரில் தொகுதி மக்களுக்கு ஒரு செய்தி மடல் போகும். எந்தத் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள், எந்த நாள் தண்ணீர் வராது, முதியோர் உதவித்தொகைக்கு யாரைப் பார்க்க வேண்டும், நாய்களுக்குத் தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கம் விழிப்புணர்வுப் பக்கம். ஒரு மாதம் ரத்த தானம், ஒரு மாதம் சர்க்கரை வியாதி, ஒரு மாதம் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்தில் தனியாக விடக்கூடாது என்பது. இதையெல்லாம் திரட்டி, எழுதி, கோத்து, அச்சுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு.

அச்சுக்குப் போகும் முன் அவள் ஒரு காரியம் செய்வாள். மடலில் இருக்கும் ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் தானே சுழற்றி, அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரல் கேட்கும் வரை காத்திருப்பாள். மணி மட்டும் அடித்தால் போதாது. எடுக்க வேண்டும். எடுத்தவர் இன்ன இடம் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை, தெருநாய் பிடிக்கிறவர்களின் எண் என்று மேலிடத்திலிருந்து வந்தது ஒரு ரொட்டிக்கடைக்குப் போனதைப் பிடித்தது அவள்தான். இன்னொரு முறை உதவித்தொகை அலுவலகத்தின் போன் பூட்டிய அறைக்குள் மாதக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அங்கிருந்த அதிகாரியின் உயிரை எடுத்து, போனை வெளியே இழுத்து வைக்க வைத்தாள். இதனால் அலுவலகத்தில் அவளுக்கு டயலக்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர், வாசலில் உட்கார்ந்து மக்களிடம் மனு வாங்குகிற பெரியவர். அவருக்கு மனு அண்ணன் என்று பெயர் வைத்தது டயலக்கா. இரண்டு பேருக்கும் கணக்கு சரியாகிவிட்டது.

அந்த மாதக் கடைசிப் பக்கம் மனச்சோர்வைப் பற்றியது. வாழப் பிடிக்காமல் தவிக்கிறவர்கள் யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும், பேசினால் பாரம் குறையும் என்று எளிமையாக எழுதி, நடுவில் பெரிய எழுத்தில் உதவி எண்ணைப் போட்டிருந்தாள். அந்த உதவி மையத்தைத் திறந்து வைத்ததே டாக்டர்தான். ஒரு சின்ன அறை, ஒரே ஒரு போன், பயிற்சி பெற்ற நாலைந்து பேர் முறைபோட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த எண்ணை மட்டும் அவள் சுழற்றவில்லை.

சோம்பல் இல்லை. போனை எடுத்து முதல் இரண்டு எண்களைச் சுழற்றியும் விட்டாள். பிறகு கை நின்றது. ஒரே ஒரு லைன்தானே இருக்கிறது. நான் சும்மா சரிபார்க்கக் கூப்பிடுகிற அந்த நேரத்தில், உண்மையிலேயே நெஞ்சு வெடிக்கிற ஒருவர் கூப்பிட்டால்? லைன் பிசி என்று கேட்டதும் வைத்துவிட்டால்? அந்த நினைப்பே அவளுக்குப் பாவம் போல் இருந்தது. ரிசீவரை வைத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் வைத்தாள்.

மடல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் ஆஜானுபாகுவான ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனு எழுதிக்கொண்டு வந்தீர்களா என்று மனு அண்ணன் கேட்டதற்கு, கையில் நாலாக மடித்து வைத்திருந்த செய்தி மடலைக் காட்டினாராம். இதை யார் தயாரிப்பது, அவரைத்தான் பார்க்க வேண்டும் என்றாராம். யாரோ உன்னைப் பாராட்ட வந்திருக்கார் பாரு என்று மனு அண்ணன் அவளிடம் சிரித்துக்கொண்டே அவரை உள்ளே அனுப்பினார்.

லாரிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“இது எங்க வீட்டு நம்பர்மா” என்றார்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து உதவி மையத்தின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. அவள் கையால் மாறியவை.

லாரிக்காரர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. நடந்ததை மெதுவாக, வண்டியைக் குறுகிய சந்தில் பின்னால் எடுக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதல் போன் வந்த அன்றைக்கு அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன். பகல் சாப்பாட்டுக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். போன் பக்கத்திலேயே காத்திருந்தார். மணி அடித்தது. எடுத்தால் ஆஸ்பத்திரி இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், பேசலாமா என்று கேட்டது. இப்ப பேச முடியாது, வைங்க என்று வைத்துவிட்டார். உடனே மறுபடி அடித்தது. அதே குரல்.

“நான் திட்டிட்டேன்மா. ‘ஒரு தடவை சொன்னா அறிவில்லையா, வேற வேலை இல்லையா உனக்கு, வை போனை’ன்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் ஒண்ணுமே சொல்லலை. மன்னிச்சிருங்கன்னு மட்டும் ஒரு சத்தம். அப்புறம் அடிக்கவே இல்லை.”

சில நாள் கழித்து இன்னொரு போன் வந்தது. அந்த ஆள் எடுத்த எடுப்பிலேயே அழுதார். லாரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், அழுகை நிற்கும் வரை ரிசீவரைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். அழுது முடித்தவர் நன்றி சொல்லிவிட்டு, மடலில் உங்கள் நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன் என்றாராம். அதற்குப் பிறகுதான் மேசையில் கிடந்த மடலை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பார்த்ததும் முதலில் வந்த குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அவரும் மனைவியும் போனைத் தனியாக விட்டதில்லை. ஒருவர் குளித்தால் ஒருவர் போன் பக்கத்தில். இப்போது மனைவியை உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். கூப்பிட்டவர்களிடமெல்லாம் தனக்குத் தெரிந்த மட்டும் பேசி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாராம். புகார் கொடுக்க வரவில்லை. அந்த முதல் ஆளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். அது மட்டும்தான்.

எந்த நேரத்தில் உள் அறைக் கதவு திறந்ததென்று அவள் கவனிக்கவில்லை. டாக்டர் வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. வந்து லாரிக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆண் குரலா, பெண் குரலா என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல் என்றார் லாரிக்காரர். பின்னால் கடக், கடக் என்று ஏதோ ஒரு சத்தம் கேட்டதாம். வேறு அடையாளம் கிடையாது.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அந்த ஆள் உங்களை மன்னிச்சிருப்பாங்க ஐயா.”

“செத்துப்போயிருந்தா எப்படிம்மா மன்னிப்பாங்க?”

டாக்டர் மேசையில் கிடந்த மடலைத் தன் பக்கம் இழுத்து, அந்த எண்ணை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

வேலைகள் சட்டென்று நடந்தன. திருத்தச் சீட்டு அச்சாகி மறுநாளே வீடு வீடாகப் போயிற்று. தவறு அலுவலகத்துடையது என்றுதான் அவள் எழுதியிருந்தாள். டாக்டர் அதை அடித்துவிட்டு, இந்தத் தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டுகிறேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டுக் கிழித்தார்கள். சாகிறவனுக்கு லாரி ஷெட்டைக் காட்டின மாட்டு டாக்டர் என்றார்கள். டாக்டர் இந்த முறை திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உதவி மையத்திலிருந்து ஒரு பெண்ணை லாரிக்காரர் வீட்டுக்கு அனுப்பி, பழைய மடலைப் பார்த்து யாராவது கூப்பிட்டால் எப்படிக் காது கொடுப்பது, எப்படிச் சரியான எண்ணில் சேர்ப்பது என்று சொல்லிக்கொடுக்க வைத்தார். லாரிக்காரர் நல்ல மாணவராக இருந்தாராம். புத்திமதி சொல்லக்கூடாது என்ற பாடம் மட்டும் அவருக்கு ஏறவில்லை என்று அந்தப் பெண் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் டயலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது, அடிக்காத போன் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் நிற்பாள். அது பேசாமல் இருக்கும். பக்கத்து வீட்டில், எதிர்மாடியில், பேருந்தில் யார் பையிலோ அடிக்கிற மணியெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டது. யாராவது எடுத்து ஹலோ என்று சொல்லும் வரை அவளுக்கு மூச்சு வராது. கண்ணை மூடினால், முகமே இல்லாத ஒருவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிச்சிருங்க என்று சொல்வது தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள். அவர் அல்லவா கேட்டுவிட்டுப் போனார்.

தொகுதியில் யார் இறந்தாலும் டாக்டர் துக்கம் விசாரிக்கப் போவார். அதனால் சாவுச் செய்திகள் முதலில் வருவது அவள் மேசைக்குத்தான். முன்பெல்லாம் முகவரியை மட்டும் குறித்துக்கொள்வாள். இப்போது பழைய குறிப்புகளையும் எடுத்து ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்தாள். எந்த நாள், என்ன வயது, கூட யார் இருந்தார்கள். வாடகை அறையில் தனியாக இருந்த கடிகாரக் கடைக்காரர் ஒருவர், மடல் வீடுகளுக்குப் போன வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். படித்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடக், கடக். கடிகாரம். துக்கம் விசாரிக்கிற சாக்கில் தானே அந்த அறைக்குப் போனாள். சுவர் நிறைய நின்றுபோன கடிகாரங்கள். மூலையில் ஒரு பழைய போன், தூசி படிந்து. வீட்டுக்காரரிடம் கேட்டாள். அது கட் ஆகி ரொம்ப வருஷமாச்சும்மா, மனுஷன் மார்பு வலியில் போனார், ஆஸ்பத்திரி டாக்டர்கூட பக்கத்திலேயே இருந்தார் என்றார் அவர்.

அவள் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அடுத்த நொடியே கூசிப்போனாள். ஒரு மனிதனின் சாவைக் கேட்டு நிம்மதிப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேனே, கடவுளே, என்று தெருவில் நின்று வாய்விட்டே சொன்னாள். அந்தக் கடிகாரக்காரருக்காக, யாரென்றே தெரியாத அவருக்காக, அங்கேயே ஒரு நிமிடம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். அவருக்காக வேண்டிக்கொள்ள வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு லாரிக்காரர் வீட்டுக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மனைவிதான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டு வீட்டுக்குள்ளே போனுக்கென்று ஒரு தனி மேசை, அதன்மேல் தண்ணீர்ச் செம்பு, விசிறி. ஒரு சின்னக் கோயில் மாதிரி இருந்தது. கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அந்த அம்மாள் தேதியோடு சொன்னார்: இன்ன திங்கட்கிழமை ஆபரேஷன், இந்த மனுஷன் போன்ல கத்திட்டு வந்து ஆஸ்பத்திரியில என் மேலயும் எரிஞ்சு விழுந்தார், கட்டு போட்ட கண்ணோட நான் இவரைத்தான் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. லாரிக்காரர் உள்ளேயிருந்து, ஆமாம், உன் கண்ணைவிட வாய்க்குத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கணும் என்றார்.

அவளும் சிரித்துவிட்டுத்தான் தெருவுக்கு வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அந்தத் திங்கட்கிழமை மனசில் உறைத்தது.

திங்கட்கிழமை மடல் எந்த வீட்டுக்கும் போகவில்லை. அன்று மத்தியானம்தான் அச்சகத்திலிருந்து கட்டுகள் அலுவலகத்துக்கே வந்தன. வீடுகளில் போடுகிற தொண்டர்கள் சனிக்கிழமை வந்துதான் எடுத்துப் போனார்கள். அப்படியென்றால் அந்த எண் முதலில் யார் கண்ணில் பட்டது?

நேராக அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் அவளைப் பார்த்ததும் மறுபடி திருத்தமா என்று தலையில் கைவைத்தார். இல்லை, அன்றைக்கு இங்கே யாராவது ஒரு பிரதி எடுத்துப் படித்தார்களா, அதுதான் தெரிய வேண்டும் என்றாள். எங்கள் ஆட்கள் அச்சடிப்பதோடு சரி, படித்துக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டை விட்டார். மை காய்வதற்குள் கட்டி வண்டியில் ஏற்றச் சொல்லி நீங்கள்தானே நச்சரித்தீர்கள், ஒரு தாள்கூட இங்கே தங்கவில்லை, வேண்டுமானால் குப்பைக் கூடையைப் பாருங்கள் என்றார்.

அலுவலகத்தில் கட்டுகளைப் பிரித்தவள் அவள்தான். முதல் கட்டிலிருந்து ஒரே ஒரு பிரதியை உருவி, வழக்கம்போல டாக்டரின் மேசையில் வைத்தாள். மற்றதை அப்படியே அடுக்கிவிட்டாள். அன்று மனு அண்ணன் விடுப்பு. அவளுக்குப் பல்வலி. நீ போ, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, நானே பூட்டிக்கொள்கிறேன் என்று டாக்டர் சொன்னார். அவளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நினைப்பைத் தள்ளிவிடத்தான் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் அடுத்த மாத மடலுக்கான குறிப்பை எழுதிக்கொள்ள டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். காது கேளாமையைப் பற்றி டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் டாக்டர் ஏதோ வார்த்தையை யோசித்து நிறுத்தினார். அறை அமைதியானது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடக், கடக், கடக். எத்தனையோ வருஷமாக அவள் காதில் விழாமலே போயிருந்த சத்தம். பேனா தாளில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

டாக்டரின் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே டாக்டர் வேலைக்கு வந்துவிட்டார். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி என்று மடலில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, சாக்கடை வேலை அறிவிப்புக்கு இடம் போதவில்லை என்று தெரிந்ததும் அதைத் தானே இரண்டு வரியாகக் குறைத்தவர் அவர். எவ்வளவு தைரியம் என்று அலுவலகமே மெச்சியது. அவளும் மெச்சினாள். ஊரிலுள்ள எல்லாச் சாவு வீட்டுக்கும் போய் உட்காருகிற அவர் தன் வீட்டுக்குத் திரும்பிப்போகிறபோது அங்கே கதவைத் திறக்க யாருமில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தான் திறந்து வைத்த மையம் என்று நம்பித்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். அதனால்தான் குரலை அப்படிப் புதைத்துக்கொண்டிருக்கிறார். அப்படித் துணிந்து கூப்பிட்டதற்கு, வேற வேலை இல்லையா உனக்கு என்ற திட்டுத்தான் கிடைத்திருக்கிறது. லாரிக்காரர் வந்து உட்கார்ந்த அந்தக் காலை வரை, உலகத்திலே கேட்பதற்கென்றே இருக்கிற ஒரே இடமும் தன்னைத் துரத்திவிட்டது என்று நம்பிக்கொண்டு, அவர் குழாய்களையும் தெருவிளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அந்தத் தவறு என்னுடையது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். காயம் பட்டவரே மன்னிப்பும் கேட்டிருக்கிறார், இவளுக்குப் பதிலாக.

 எனக்குத் தெரியும் என்று சொல்லிக் காலில் விழ அவளுக்குத் தோன்றியது. ஆனால் இத்தனை பாடுபட்டு மூடி வைத்திருக்கிற கதவை வெளியிலிருந்து தள்ளுவது அன்பாகாது என்று நினைத்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. அவர்தான் எடுக்க வேண்டும்.

டாக்டரே பேச்சை எடுத்துக் கொடுத்தார். தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே, ஏதோ காணாமல்போன ஆட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, அந்த முதல் ஆள் கிடைத்தாரா என்று கேட்டார்.

அவள் குறிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கிடைக்கலை டாக்டர். நான் தேடறதையும் விட்டுட்டேன். லாரிக்காரர்தான் இன்னும் விடலை. சாயங்காலத்துல அவரே போன்கிட்ட உட்கார்ந்திருக்கார். வீட்டுக்காரம்மாவை வெளியே அனுப்பிடறாராம், அந்த ஆள் கூப்பிட்டா கூச்சமில்லாம பேசணுமேன்னு. பேர் கேக்க மாட்டாராம். ஊர் கேக்க மாட்டாராம். ‘பேசலாமா’ன்னு கேட்டாங்க, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை, அது என் மேல கடனா நிக்குதுன்னு சொல்றார்.”

மின்விசிறி சுற்றியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் நெடுநேரம் துடைத்தார். பிறகு, சரி, காது கேளாமையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். மனு அண்ணனிடம் இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள், உங்கள் பேரன் உங்களை மறந்திருப்பான் என்றாள். என்ன திடீர்க் கருணை, நாளைக்கு எனக்கு ஏதாவது வேலை வைத்திருக்கிறாயா என்று அவர் சந்தேகப்பட்டுக்கொண்டே போனார். அலுவலகம் மூடியது என்ற பலகையைத் திருப்பி மாட்டினாள். வாசலில் ஏறிய ஒரு கணவன் மனைவியிடம், படிக்கட்டிலேயே நின்று அவர்கள் மனுவைத் தானே வாங்கிக்கொண்டு, நாளைக் காலை முதல் ஆளாகக் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவைத்தாள்.

பையை எடுக்கத் தன் மேசைக்குத் திரும்பினாள். அவள் போனில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. உள் அறையில் யாராவது பேசினால் அது எரியும். இத்தனை நேரம் அணைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தது.

அவள் அசையாமல் நின்றாள். அந்தத் திங்கட்கிழமை, ஆளில்லாத இந்த மேசையில் அது இரண்டு முறை எரிந்து எரிந்து அணைந்திருக்கும். இன்று எரிந்தது எரிந்தபடி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேச்சு, முதலில் அழுதது யார், மன்னிப்பு கேட்டது யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதுகூட ஒட்டுக்கேட்பது மாதிரி அவளுக்குப் பட்டது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெளியே வந்து, வாசல் கதவை மெல்லச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு முன்னால் கையைக் கூப்பி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.